பதினொன்றாம் பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும், அண்ணனும், அண்ணனுடைய வலது முழங்காலும் எப்படி என்று எழுதுங்கள்.

பதவியேற்றுப் பதினெட்டு நாள் ஆகிறது. ஆளுநர் மாளிகையில் நாற்பத்திரண்டு அறைகள். நான் புழங்குவது இரண்டில். கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், யாராவது ஓடிவந்து திறந்துவிடுகிறார்கள். செருப்பை ஓரிடத்தில் விட்டால் அது இன்னோரிடத்தில் இருக்கிறது. பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தராக இருந்தபோது ஒரே நாற்காலியில் மூன்று பேர் முறைவைத்து உட்காருவோம். அந்தப் பழக்கத்தில் இங்கே இத்தனை காலி நாற்காலிகளைப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை.

வேலை என்ன என்று கேட்பீர்கள். கையெழுத்துப் போடுவதுதான். காலை பத்து மணிக்குச் செயலர் கோப்புகளோடு வருவார். போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். "இங்கே மேடம், அப்புறம் இங்கே" என்பார். நான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து, படித்த ஒவ்வொரு பக்கத்தின் கீழ் ஓரத்திலும் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முந்தின ஆளுநர் அரை மணியில் முடித்துவிடுவாராம். எனக்கு அரை நாள் ஆகிறது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் நான் பதிவு செய்த ஒரு பத்திரத்தில் நடுப்பக்கத்தை மாற்றிவைத்து, கணவரை இழந்த ஒரு அம்மாவின் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது, அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அந்த அம்மா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்ததை, வக்கீலான பிறகும் நகரமன்றத் தலைவியான பிறகும் என்னால் மறக்க முடியவில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் பக்கத்து அறையில் ஒருவர் நேரம் குறிக்கிறார். அதனால் பழையபடி கடிதமே நமக்கு உதவி. உங்கள் அச்சகத்தில் என்னைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா?

உங்கள்,
சின்ன மாமியார்


பிப்ரவரி 15

அன்புள்ள சின்ன மாமியாருக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. உன் அண்ணன் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, சீட்டாடப் போகும்போது வலிப்பதில்லை. டாக்டரிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு மாத்திரையை மாற்றினார்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், பன்னிரண்டு வயது நாத்தனார் சமையலறை வாசலில் நின்று "அண்ணி, அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டபோது வைத்த பேர் இது. நாட்டுக்கே மேற்பார்வை பார்க்கப் போனாலும் அந்தப் பேர் உனக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

"என் தங்கச்சி கவர்னர்னா நான் யாரு?" என்று இவர் காலையில் கேட்டார். "கவர்னரோட அண்ணன். போய் பால் வாங்கிட்டு வாங்க" என்றேன். போனார்.

அச்சகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே மேலாளர் தன் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போடுவார். முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்துச் சேர்த்த மரியாதை எனக்குப் போதும். நவம்பரில் ஓய்வு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நீ கையெழுத்துப் போடும் சட்டமெல்லாம் அரசிதழில் வருமுன் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். மேஜைக்கு வந்ததை வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்தவள் நான். என் பக்கத்தில் இருக்கும் பெண் மூலத்தை உரக்கப் படிப்பாள், நான் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவேன். மூலம் தப்பு என்று பட்டால்கூட நாங்களாகத் திருத்தக்கூடாது. ஓரத்தில் எழுதிக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே நமக்குள் ஒரு சுவர் எழுப்பிக்கொள்வோம். நீ கோப்பைப் பற்றி எழுதாதே, நான் புரூஃபைப் பற்றி எழுதமாட்டேன். பேப்பரில் வந்துவிட்டது என்றால் தாராளமாக எழுது. உன் வம்பு இல்லாமல் எனக்குப் பொழுது போகாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சுவருக்குச் சம்மதம். எனக்கு மூக்கடைப்பு மட்டும். இந்த மாளிகைக் குளிர்சாதனத்தின் உபயம் அது. உங்கள் கண் எப்படி? இன்னும் பழைய கண்ணாடியையே வைத்து ஒப்பேற்றுகிறீர்களா?

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இருபது சின்னப் பிரசவ விடுதிகளை மூடிவிட்டு எல்லோரையும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும் மசோதா சட்டசபையில் நிறைவேறிவிட்டது. என் கையெழுத்துக்கு வருமுன் அந்த இருபதில் ஒன்றையாவது கண்ணால் பார்ப்போம் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன்.

நாலு கட்டில், ஒரு தராசு, ஒரு நர்ஸ். என் பின்னால் ஏழு கார் வந்து நிற்கிறது, அந்த நர்ஸ் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். "கொஞ்சம் அப்படியே நில்லுங்க, கதவைத் திறந்தா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்றாள். நின்றேன். செயலரும் நின்றார், பாவம், வெயிலில்.

பிறகு பதிவேட்டைக் காட்டினாள். போன வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு பிரசவம். மழை பிடித்தால் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகும், படகும் ஓடாது, சுற்றிக்கொண்டு போனால் நாலு மணி நேரம். "நான் எதையும் படிக்காம கையெழுத்துப் போடமாட்டேம்மா" என்றேன், ஏதோ பெரிய வரம் கொடுக்கிற மாதிரி. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "படிச்சிட்டுப் போட்டுடுவீங்களா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளும் படிப்பதையே பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணி. திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் கூட வந்தது.

உங்கள்,
சின்ன மாமியார்


ஏப்ரல் 4

அன்புள்ள சின்ன மாமியாருக்கு,

நானும் இவரும் நலம். மூக்கடைப்புக்கு வெந்நீர் ஆவி பிடி. அதற்கும் ஒரு ஆள் போட்டிருப்பார்கள், ஆனால் மூக்கு உன்னுடையது.

அந்த நர்ஸை எனக்குப் பிடித்துவிட்டது. நீ வழுக்குகிற இடம் எது என்று பார்த்து அங்கேயே கையை வைத்திருக்கிறாள்.

நீ தயங்குவாய் என்று நினைக்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். இரண்டு தடவை ஜெயித்த சட்டசபைத் தொகுதியில் மூன்றாம் தடவை முன்னூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றாயே, மறுநாள் காலை இந்த வீட்டில்தான் இருந்தாய். அழுதுகொண்டே பல் தேய்த்தாய். பிறகு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் யாருக்கோ ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாய். அன்றைக்கு உன் அண்ணன் என்னிடம், "இவளுக்குப் பதவி போனா ஒண்ணும் ஆகாதுடி, வேலை போனாத்தான் கஷ்டம்" என்றார். அவர் சொன்ன உருப்படியான வார்த்தைகளில் அது ஒன்று.

அதனால் நாற்காலியை நினைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன்னை அதில் உட்கார வைத்தவர்கள் என்றைக்காவது எழுப்பத்தான் போகிறார்கள். அதுவரைக்கும் இருபதில் எத்தனை மிஞ்சும் என்று பார்.

அண்ணி


மே 7

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். ஆவி பிடித்தேன், மூக்கு திறந்துவிட்டது. அண்ணனுக்கு மாற்றிய மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

இன்றைய பேப்பர் பார்த்தீர்களா? இருபது பதினாலாகிவிட்டது. இனி எழுதலாம்.

மசோதாவைக் கேள்விகளோடு திருப்பி அனுப்பினேன். முதலமைச்சரே நேரில் வந்தார். வரவேற்பறையில் தேநீர். பிஸ்கட்டை முக்கி எடுத்தார், பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. பேச்சு முழுக்கக் கரண்டியால் அதைத் தேடிக்கொண்டே இருந்தார். "அம்மா, உங்க வேலை கையெழுத்துப் போடறது" என்றார். "ஆமாங்க. எதுல போடறேன்னு பாக்கறதும் அதுல சேர்த்திதான்" என்றேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மழையில் வழி அறுந்துபோகும் ஆறு விடுதிகளைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு ஒப்புக்கொண்டார். சட்டசபையிலும் அறிவித்துவிட்டார்கள்.

திருத்திய மசோதா நேற்று வந்தது. பட்டியலை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது. அந்த ஒரு சரிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பதவியேற்ற அன்றுகூட இல்லை.

பதினாலு போனது போனதுதான். அதையும் நான்தான் போட்டேன். முழு வெற்றி என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன்.

உங்கள்,
சின்ன மாமியார்


மே 29

அன்புள்ள சின்ன மாமியாருக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இவருக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. இன்று புதன்கிழமை, நல்ல வெயில். காலையிலேயே எல்லா ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைத்துப் போட்டேன். நாளைக்கு அலமாரி. கொஞ்சம் லீவு எடுத்திருக்கிறேன். வேறு ஒரு விசேஷமும் இல்லை.

முதலமைச்சரின் பிஸ்கட் கதையைப் படித்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாவற்றையும் படி.

அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுதுங்கள். அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட அரை நாள்தான் லீவு எடுத்தவர் நீங்கள். புதன்கிழமை காலையில் திரை துவைத்தேன் என்றால் நான் நம்ப வேண்டுமா? இன்னொரு கடிதம் வரும் என்று ஒரு மாதம் பார்த்தேன், வரவில்லை.

இனி எழுதப்போவது நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும். நீங்கள் முதலில் என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பிரசவ விடுதிச் சட்டம் ஜூன் மூன்றாம் தேதியே அரசிதழில் வந்துவிட்டது. எனக்கு வர வேண்டிய பிரதியை இங்கே நேராக அலமாரிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை கேட்டு, போன வாரம்தான் கைக்கு வந்தது. பட்டியலில் இருபது இருக்கிறது. பதினாலு இல்லை.

மூலக் கோப்பை வரவழைத்தேன். பதினொன்றாம் பக்கம் புதுத் தாள். மற்ற எல்லாப் பக்கத்திலும் என் சின்னக் கையெழுத்து இருக்கிறது, அதில் மட்டும் இல்லை. "டைப் அடிச்சவங்க தப்பா இருக்கும் மேடம்" என்றார் செயலர். முதலமைச்சர் போனில், "நடந்தது நடந்து போச்சும்மா, ஆறையும் பூட்டியாச்சு, அடுத்த கூட்டத்தொடர்ல பாத்துக்கலாம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், என்னையும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறார்கள்.

நாளை அறிக்கை விடுகிறேன். அச்சாகியிருப்பது நான் கையெழுத்துப் போட்ட சட்டம் இல்லை, விசாரணை வேண்டும், அதுவரை எந்தக் கோப்பும் என் கையெழுத்தோடு வெளியே போகாது என்று. மேலிடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

அச்சகத்தில் இது யார் மேஜைக்கு வந்தது என்று உங்களிடம் கேட்கமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். உடம்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

உங்கள்,
சின்ன மாமியார்


ஜூலை 9

அன்புள்ள சின்ன மாமியாருக்கு,

எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. மனசுதான் சரியில்லை. உன் அறிக்கை வெளியாகி, விசாரணைக்கும் உத்தரவாகிவிட்டது. விசாரணை அதிகாரி என்னையும் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார். இனி மூடி வைக்க ஒன்றுமில்லை.

என் மேஜைக்குத்தான் வந்தது.

மே இருபதாம் தேதி. பக்கத்துப் பெண் படித்துக்கொண்டே வருகிறாள், நான் பார்த்துக்கொண்டே வருகிறேன். ஒவ்வொரு பக்கமும் திருப்பும்போது ஓரத்தில் உன் சின்னக் கையெழுத்து. நீ சட்டம் படித்த காலத்து நோட்டிலிருந்து எனக்குப் பழக்கமான எழுத்து அது. பதினொன்றில் இல்லை. பட்டியலில் இருபது. ஊருக்கே பதினாலு என்று தெரியும்.

ஓரத்தில் எழுதினேன்: "இப்பக்கத்தில் மட்டும் ஆளுநரின் சுருக்கொப்பம் இல்லை. பார்க்கவும்." சந்தேகப் பதிவேட்டிலும் ஏற்றினேன். மேலாளர் வந்து, "மூலத்துல உள்ளபடி போடுங்கம்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார். "இது மூலமான்னுதான் கேக்கறேன்" என்றேன். 'அச்சிடலாம்' என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினுக்குப் போகும். போடமாட்டேன் என்றேன். வேலைக்கு இடைஞ்சல் என்று மாலையே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இன்னொருவர் போட்டுக் கொடுத்தார்.

உனக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தாளும் பாதியில் நிற்கிறது. எழுதிக் கொடுத்த வார்த்தை ஒரு பக்கம். அண்ணி சொல்லி நாத்தனார் ஆடினாள் என்றால் நீ என்ன சொன்னாலும் எடுபடாது என்பது இன்னொரு பக்கம். நீ எப்படியும் படிப்பாய், பிடிப்பாய் என்று நம்பினேன். பிடித்துவிட்டாய். ஆனால் ஒரு மாதம் ஆகிவிட்டதே. அந்த ஒரு மாதம் ஆறு விடுதியும் பூட்டிக் கிடந்திருக்கிறது. அங்கே என்ன ஆயிற்று என்று விசாரித்து எழுது.

இன்னொரு கூத்து. ஒரு நிருபர் வீட்டுக்கு வந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். உன் அண்ணன் அவருக்குத் தேநீர் கொடுத்து, கல்யாண ஆல்பத்தை எடுத்து, "இதோ நடுவுல ரெட்டை ஜடையோட நிக்கிறாளே, அவதான் கவர்னர்" என்று காட்டியிருக்கிறார். இன்றைய தலைப்பு: 'ஆளுநரின் உளவாளி, அச்சகத்து அண்ணி.' இவர் காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணி


ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனைத் திட்டாதீர்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

ஐம்பது நாள் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் திரை துவைத்த கதை எழுதியிருக்கிறீர்கள். கோபமாகவும் வந்தது, கும்பிடவும் தோன்றியது.

இப்போது விஷயம். விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி, கறாரானவர். எதிர்த் தரப்பு சொல்வது ஒன்றே: பக்கத்தை யாரும் மாற்றவில்லை, நானும் நீங்களும் சேர்ந்து ஜோடித்த நாடகம் இது. நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று எப்படிக் காட்டுவது? சொல்லாததற்கு ஏது சாட்சி?

இருக்கிறது. இந்தக் கடிதங்கள். உங்களுடையது என்னிடம், என்னுடையது உங்களிடம். பதவியேற்ற நாளிலிருந்து எல்லாவற்றையும் நீதிபதியிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும். ஒரு தாளை எடுத்துவிட்டுக் கொடுத்தால் அவர்கள் செய்ததை நாமும் செய்தவர்கள் ஆவோம். அப்படியென்றால் முதலமைச்சரின் பிஸ்கட், வெயிலில் நின்ற செயலர், அண்ணனின் சீட்டாட்டம், நான் அழுதுகொண்டே பல் தேய்த்தது எல்லாம் ஊர் சிரிக்கும். நம் வீட்டுச் சமாசாரம், உங்கள் அனுமதி வேண்டும்.

அறிக்கையை வாபஸ் வாங்கினால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வாபஸ் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். 

உங்கள்,
சின்ன மாமியார்


ஆகஸ்ட் 9

அன்புள்ள சின்ன மாமியாருக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கண்ட மறுநாளே என்னிடமிருந்த கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு போய் நானே கொடுத்துவிட்டேன். அனுமதி எல்லாம் என்ன அனுமதி. பாதியில் நின்ற மூன்று தாளையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். ஒன்றில் 'பதினொன்றாம் பக்கத்தில்' என்பதோடு நிற்கிறது. இன்னொன்றில் உன் பேர் மட்டும். மூன்றாவதில் ஒன்றுமில்லை, பேனா ஊன்றிய மை மட்டும்.

நேற்று என் விசாரணை. சின்ன அறை, நீள மேஜை, மின்விசிறிச் சத்தம். நீதிபதி நீ அனுப்பியதையும் நான் கொடுத்ததையும் சேர்த்து, கடிதங்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். பிஸ்கட் வந்ததும் அரசு வக்கீல் கூரையைப் பார்த்தார், நீதிபதிக்கு இருமல் வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அண்ணன், சீட்டாட்டம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார்.

மே மாதக் கடிதம் வந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வேறு ஒரு விசேஷமும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சஸ்பெண்ட் ஆகி ஒன்பது நாள் ஆகியிருக்கு. இது பொய்தானே?"

"பொய்தாங்க. இந்தக் கட்டுல அது ஒண்ணுதான் பொய்."

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"உண்மையை எழுதினா அவ படிச்சிடுவாளுங்க."

அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். தீர்ப்பு எப்படியோ தெரியாது. வெளியே வந்தபோது முப்பத்தொரு வருஷத்தில் இல்லாத பலம் எனக்கு இருந்தது.

ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்த ஒரு மாதத்தில் அங்கே என்ன ஆயிற்று? போன கடிதத்தில் நீ அதைத் தொடவே இல்லை. இத்தனை வருஷம் உன்னைப் படிக்கிறவள் நான். எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன்.

அறிக்கை வந்துவிட்டது. பக்கத்தைச் சட்டத் துறையில் மாற்றியிருக்கிறார்கள். வாய்மொழி உத்தரவாம், சொன்ன வாய் எது என்று யாருக்கும் நினைவில்லையாம். திருத்திய அரசிதழ் முந்தாநாள் வெளியாயிற்று, பதினாலுதான். ஆறு விடுதியும் திறந்தாயிற்று. நீங்கள் திங்கட்கிழமை முதல் வேலையில். உங்கள் பதிவேட்டு வரியை அப்படியே எடுத்துப் போட்டு, தன் கடமையைச் செய்த ஒரே ஊழியர் என்று எழுதியிருக்கிறார் நீதிபதி. நான் செப்டம்பர் பத்தோடு விடுவிக்கப்படுகிறேன், நிர்வாகக் காரணங்களுக்காக.

இப்போது நீங்கள் கேட்டது. ஜூலை முதல் வாரமே நர்ஸ் எனக்குச் சொல்லிவிட்டாள். நான்தான் மறைத்தேன். நீங்கள் ஐம்பது நாள் மறைத்ததற்கு நானும் ஐம்பது நாள் மறைத்தாயிற்று, கணக்கு சரி என்று விட்டுவிட முடியவில்லை.

ஜூன் பத்தொன்பது, நல்ல மழை. ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். விடுதி பூட்டியிருந்தது, நர்ஸை நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேனில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை வேனிலேயே பிறந்து, மூச்சுவிடாமல் போய்விட்டது. பெண் குழந்தை.

நீங்கள் அன்றே எழுதியிருந்தால் என்று ஒரு மனசு சொல்கிறது. அரசிதழை நான் அன்றே கேட்டு வாங்கியிருந்தால் என்று இன்னொரு மனசு சொல்கிறது. இரண்டும் உண்மை. மாற்றியவன்தான் குற்றவாளி, அதுவும் உண்மை. ஆனால் கதவைப் பூட்டியது என் கையெழுத்தின் பேரில். அதை அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லாமல் நான் வீட்டுக்கு வரமாட்டேன்.

பத்தாம் தேதி இங்கிருந்து நேராக அங்கே போகிறேன், பஸ்ஸில். அவள் வழக்குப் போட விரும்பினால் கறுப்புக் கோட்டு இருக்கிறது. யார் மேல் போடச் சொன்னாலும் போடுவேன். என் மேலேயே போட வேண்டும் என்றால் நல்ல வக்கீலாக வேறு ஆள் பார்த்துக் கொடுப்பேன்.

உங்களை வரச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான்.

உங்கள்,
சின்ன மாமியார்


செப்டம்பர் 4

அன்புள்ள சின்ன மாமியாருக்கு,

நலம் விசாரிக்க இந்தத் தடவை மனசு வரவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணனிடம் நீட்டினேன். அவரும் படித்தார். இரண்டு பேரும் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். பக்கத்துப் பெண் என் மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள். முதல் காரியமாகப் பத்தாம் தேதியிலிருந்து மூன்று நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'ஒரு தாயைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீ சொல்லவேண்டியது உன்னோடு. எனக்கும் அவளிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. எனக்கு மே இருபதாம் தேதியே தெரியும், தெரிந்தும் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் செய்தது சரி என்று நீதிபதி சொல்லிவிட்டார். அவள் என்ன சொல்வாளோ. திட்டினால் வாங்கிக்கொள்வோம். கதவைச் சாத்தினால் வெளியே நிற்போம். திறக்கிறவரைக்கும் நிற்க நம் இரண்டு பேருக்கும் காலில் பலம் இருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற பஸ், நிலையத்தின் பின்வாசலிலிருந்து மதியம் ஒன்றரைக்குக் கிளம்புமாம். இவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நான் ஒரு மணிக்கே வந்து இரண்டு இடம் பிடித்து வைக்கிறேன்.

அண்ணி